பழைய மர மோட்டார் யொட் ஒன்று விற்பனைக்கு: மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் சரிவருமா?

கல்லடிக்காரன்:
இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரு படகின் மேல் ஆசை பிறந்துவிட்டது. 1930களில் கட்டிய மோட்டார் யொட், அதாவது உல்லாசப் படகு. நீளம் 60 அடி, தண்ணீருக்குள் இறங்குவது ஐந்தரை அடி, எடை 35 தொன்னுக்கு மேல். ஓக் மரத்தில் விலாச்சட்டம், மேலே தேக்குப் பலகை, செப்பு ரிவெட். உள்ளே இரண்டு கார்ட்னர் 6எல்டபிள்யூ டீசல் இஞ்சின். முழுவதும் திருத்திப் புதுப்பித்தது என்று விளம்பரம் சொல்கிறது. 1940இல் போர் நடக்கும்போது பிரான்சின் டன்கேர்க்குக்குப் போய், அங்கே சிக்கிய ஆமிக்காரர்களை ஏற்றி வந்த படகு என்றும் எழுதியிருக்கிறார்கள். இப்போது சவுதாம்ப்டன் பக்கம் ஹாம்பிள் ஆற்றில் நிற்கிறது. கேட்கும் விலை இரண்டு இலட்சம் பவுணுக்குச் சற்றுக் குறைவு.

மச்சானின் திட்டம் இதுதான். படகைக் கொண்டுவந்து கல்லடிப் பாலத்தடியில் கட்டுவது. பின்னேரத்தில் வாவியில் சுற்றுலா, கலியாணப் படப்பிடிப்பு, கோடையில் பாசிக்குடா வெள்ளைக்காரர்கள், கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகும் சுழியோடிகள். எனக்கும் பங்கு தருவாராம். காணி விற்ற காசு எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும்.

படகு தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா ஏற்கெனவே சாமியறைக்குள் போய்விட்டார்.

ஏத்துக்கால் காற்று:
படம் போடுங்கள் அண்ணே. விலையை மட்டும் ரூபாயில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

பாலமீன்மடு:
மச்சானின் ஆசையில் பிழை இல்லை. இடைஞ்சல் எங்கள் வாவியில்தான். வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆழத்தை யாரும் படிப்பிக்கவில்லை. பாதி இடத்தில் தோணிக்காரன் கம்பு ஊன்றிப் போகிற தண்ணீர் அது. ஐந்தரை அடி இறங்கும் படகு என்றால், அடியில் இன்னும் இரண்டு அடியாவது விட்டு ஓட வேண்டும். அந்த ஆழம் ஓடைப் பக்கம் துண்டு துண்டாகக் கிடைக்கும், தொடர்ந்து கிடைக்காது. தெற்கே மண்முனைப் பக்கம் சுற்றுலா போக வேண்டுமென்றால் இரண்டு கல்லடிப் பாலத்துக்கும் கீழே நுழைய வேண்டும். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தைக் கட்டியவர்கள் இந்த மாதிரி வீல்ஹவுஸும் (சுக்கான் அறை) கொடிமரமும் கீழே போகும் என்று நினைத்துக் கட்டவில்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் உச்சி எவ்வளவு என்று மச்சானிடம் முதலில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், வாவிக்குள் எப்படி வருவது? முகத்துவாரத்தில் மணல் மேடு ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கும்போது வெட்டி விடுவார்கள். வெட்டின நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்துப் பாய்கிற வேகத்தையும், எதிரே வாடைக்காற்று அலையையும் பார்த்தவனுக்கு அந்த வழியாக ஒரு தேக்குப் படகைக் கொண்டுவரும் எண்ணமே வராது. அலை அடங்கும் கோடையில் வாய் மண்ணாகிவிடும். 18 அடி பைபர் போட் ஓடுகிற கடவை வேறு, 35 தொன் ஓடுகிற கடவை வேறு.

கல்லடிக்காரன்:
அப்படியானால் வாவியை விடுவோம். கடல் பக்கம் வைத்தால்? ஒலுவிலில் துறைமுகம் கட்டிக் கிடக்கிறதே.

ஒலுவில் அலை:
கிடக்கிறது என்று சொன்னீர்களே, அது சரியான சொல். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். அலைதாங்கி போட்டதும் கரையோரமாக நகரும் மணலுக்கு வழி மறிபட்டது. துறைமுக வாசலில் மணல் வந்து குவிந்தது, வடக்குப் பக்கம் கரை அரித்தது, தென்னந்தோட்டங்கள் கடலுக்குப் போயின. தோண்டினால் கொஞ்ச நாள் வாசல் திறக்கும், மறுகா மூடும். எங்கள் ஊர் மீன்பிடிக்காரர்களே வாசல் மணலோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனார்கள். வெளிநாட்டு யொட்டை அங்கே உள்ளே விட்டால் வெளியே எடுக்க நேர்த்திக்கடன் வைக்க வேண்டும்.

வாழைச்சேனை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அது றோலர்களின் இடம். மீன் பெட்டி, ஐஸ், டீசல் கொட்டின தளம், பக்கத்தில் ஒன்றோடொன்று முட்டிக் கட்டின பைபர் படகுகள். வார்னிஷ் பூசின பக்கப் பலகை ஒரு வாரம் தாங்காது.

பனிக்குளிர்:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், படகுத்துறை ஒன்றில் வேலை. இப்படியான படகுகள் கைமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். மட்டக்களப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படகையே பார்ப்போம்.

முதலாவது, டன்கேர்க். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை நடந்த மீட்பில் 3,38,000க்கும் மேற்பட்ட படையினர் கரை சேர்ந்தார்கள். சின்னப் படகுகள் நூற்றுக்கணக்கில் போனது உண்மை. அதனால்தான் தேம்ஸில் அந்தக் காலத்தில் நின்ற எந்தப் படகை விற்கும்போதும் இந்தக் கதையும் ஒட்டிக்கொள்ளும். இதற்கென்று 1966இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. ஆதாரம் பார்த்துத்தான் படகை ஏற்கும். சங்கத்தின் சான்று இருந்தால் விலையில் ஒரு பகுதி அந்த வரலாற்றுக்கு. சான்று இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு விலை பேசச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பத்திரம். பிரித்தானியப் பதிவில் ஒரு கப்பலின் உரிமை 64 பங்கு. விற்பவர் கையில் 64ம் இருக்கிறதா, அடமானம் பதிந்திருக்கிறதா என்று பதிவுப் பிரதி எடுத்தால் தெரியும். பழைய படகுகளில் மாமனார் பெயரில் 16, இறந்துபோன நண்பர் பெயரில் 8 என்று கிடப்பதும் உண்டு.

மூன்றாவதுதான் பெரியது. புதுப்பித்தது என்றால் எதைப் புதுப்பித்தது? சோபா உறையும் வார்னிஷும் மாற்றினாலும் விளம்பரத்தில் அதே சொல்தான், எட்டுப் பலகையும் இருபது விலாவும் மாற்றினாலும் அதே சொல்தான். வேலை நடந்த காலத்துப் படங்கள் வேண்டும், பலகை கழற்றின நிலையில் எடுத்தவை. மரம் வாங்கின ரசீது, பட்டறைக் கணக்கு எல்லாம் கேளுங்கள். சொந்தச் செலவில், படகைச் சோதித்து அறிக்கை தரும் சேர்வேயர் ஒருவரை வைத்து, படகைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கிப் பார்க்க வேண்டும். ஏராவின் (படகின் அடி நடுமரம்) போல்ட்டில் ஒன்றிரண்டைக் கழற்றி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே பாதிப் பதில்.

ஓடாவி மகன்:
பனிக்குளிர் அண்ணன் சொன்னதோடு இரண்டு இடம் சேர்க்கிறேன். ஒன்று, தளமும் பக்கமும் சந்திக்கும் விளிம்பு. மரப் படகை உப்புத் தண்ணீர் அவ்வளவு கெடுப்பதில்லை. மழைத் தண்ணீர்தான் கெடுக்கும். தளத்தில் சின்ன இடுக்கு வழியாக இறங்கி, காற்றுப் போகாத மூலையில் தங்கி, உக்க வைக்கும். மேலே மினுமினுப்பாக இருக்கும், உள்ளே கத்தி பிடிவரை இறங்கும். இரண்டாவது, அடியில் வெண்கல வால்வுகள் பூட்டிய இடம். உலோகம் அரிக்காமல் இருக்கப் பூட்டும் துத்தநாகக் கட்டியை அளவுக்கு மிஞ்சிப் பூட்டினால் உலோகம் தப்பும், ஆனால் உலோகத்தைச் சுற்றியுள்ள மரம் காரத்தில் பஞ்சாகிவிடும். படகுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாலைந்து கட்டி பூட்டி வைத்த சொந்தக்காரர்கள் உண்டு.

வாப்பா இருந்த காலத்தில் எங்கள் பட்டறையில் சமண்டலையும் முதிரையும்தான். ஓக் எங்களுக்குத் தெரியாத மரம். ஆனால் உக்குகிற விதம் எல்லா மரத்துக்கும் ஒன்றுதான்.

டீசல் வாசனை:
எல்லாரும் மரத்தையே பேசுகிறீர்கள், இஞ்சினை யாரும் மதிக்கவில்லையே! நான் வாழைச்சேனையில் றோலர் இஞ்சின் இறக்கி ஏற்றியே தலை நரைத்தவன். கார்ட்னர் என்றால் எழுந்து நிற்பேன்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் செய்தது. 6எல்டபிள்யூ, ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 1.4 லீட்டர், மொத்தம் 8.4. வலு வெறும் 102 குதிரை, அதுவும் 1700 சுற்றில். இன்றைக்கு அதே வலுவுள்ள அவுட்போர்ட் 5000, 6000 சுற்றில் அலறும். இது யானை நடை. அவசரப்படாததால்தான் தேயவில்லை. பிரித்தானியாவில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் பூட்டினதும் இதே இஞ்சின்தான். பற்றரி செத்தாலும், அமுக்கம் விடுகிற லீவரைத் தூக்கிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி வேகம் பிடித்ததும் லீவரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும் என்று பழையவர்கள் சொல்வார்கள். உதிரிப்பாகம் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கிறது. கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. எந்த ஊர்க் கம்மாலையிலும் கழற்றிப் பூட்டலாம்.

கேட்க வேண்டியது இதுதான்: கடல் தண்ணீர் நேராக இஞ்சினுக்குள் சுற்றுகிறதா, இல்லை நல்ல தண்ணீர் சுற்றி அதைக் கடல் தண்ணீர் குளிர்விக்கிறதா? நேராகச் சுற்றினால் இத்தனை ஆண்டு உப்பு உள்ளே அரித்திருக்கும். அதோடு எங்கள் வாவியில் ஆற்றுவாழையும் சேறும். உறிஞ்சும் குழாய் வலை அடைக்கும், இஞ்சின் கொதிக்கும்.

வாவிக்கரை டீச்சர்:
எனக்கு ஒரு சந்தேகம். இதை ஓட்டிக்கொண்டே வந்துவிட முடியாதா? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது. ஏறத்தாழ 90 அடி மரக்கப்பல், பாய் மட்டும். அமெரிக்கர் ஒருவர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப் போனார்கள். அவர்கள் போன வழியை இவர்கள் திரும்பி வருவது அவ்வளவு கடினமா?

டீசல் வாசனை:
டீச்சர், அன்னபூரணிக்குக் காற்று சும்மா கிடைத்தது. இதற்கு டீசல் வேண்டும். கணக்குப் பாருங்கள். சுயஸ் வழியாக வந்தாலும் 6500 கடல் மைலுக்குக் குறையாது. இந்தப் படகு ஓடுவது எட்டு நொட், அதாவது மணிக்கு எட்டுக் கடல் மைல். இரவு பகல் நிற்காமல் ஓடினால் நாளைக்கு 192 மைல், அதாவது ஐந்து வாரம். நடுத்தர வேகத்தில் ஒரு இஞ்சின் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லீட்டர் குடிக்கும், இரண்டுக்கும் இருபத்திரண்டு என்று வையுங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 18,000 லீட்டர்.

காசைக்கூட விடுங்கள். இடையில் அரபிக்கடல் இருக்கிறது. ஓமானின் சலாலாவிலிருந்து மும்பைக்கே சுமார் 1000 மைல். தாங்கியில் 1500 லீட்டர் பிடித்தால் 550 மைலோடு சரி. மீதியை ட்றம்மில் கட்டித் தளத்தில் ஏற்றுவீர்களா, மகோகனி சலூனுக்கு மேலே? இந்தப் படகைக் கட்டியவர்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சில் மதியச் சாப்பாடு சாப்பிடுவதற்காகக் கட்டினார்கள். செங்கடலில் 2023 கடைசியிலிருந்து பெரிய கப்பல்களே ஆபிரிக்காவைச் சுற்றிப் போன கதையும் தெரியும்தானே.

கல்லடிக்காரன்:
மச்சான் ஓட்டி வரப் போவதில்லை. பெரிய கப்பலின் தளத்தில் ஏற்றிக் கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ கொண்டுவருவதாகத்தான் எண்ணம்.

ஓடாவி மகன்:
அப்படிச் செய்தால்தான் எனக்குப் பயம்.

பலகையைப் பலகையோடு சேர்த்து, இடுக்கில் பருத்தி நூலடித்துக் கட்டிய படகு தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் இறுக்கமாக இருக்கும். பலகை ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கும். அதைத் தூக்கி வாரக்கணக்கில் வெயிலில் வைத்தால் பலகை காய்ந்து சுருங்கும், இடுக்கு திறக்கும். இங்கிலாந்துக் குளிரிலேயே அப்படி. செங்கடல் வெயிலில், இரும்புத் தளத்தின் மேல், காற்றும் அடித்தால் நடுவிரல் நகம் போகிற இடுக்கு விழும்.

அதுகூடப் பரவாயில்லை. கொழும்பில் இறக்கும்போது யாராவது ஒருவர் இடுக்கைப் பார்த்துப் பதறிப்போய், நூலை இன்னும் திணித்து அடித்துப் பட்டியும் பூசுவார். படகு தண்ணீரில் இறங்கும். பலகை மறுபடி ஊறிப் பருக்கும். பருக்க இடம் இல்லை. அப்போது எது விட்டுக்கொடுக்கும்? ரிவெட் இழுபடும், விலாச்சட்டம் முறியும். புதுப்பிக்கச் செலவழித்த காசெல்லாம் ஒரு கிழமையில் போய்விடும். சரியான வழி: பயணம் முழுவதும் சாக்கு போர்த்தி உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது, இறக்கும்போது நூலைத் தொடாமல் பாரந்தூக்கியிலேயே பாதி மிதக்க விட்டு, பம்ப் போட்டு, ஊறும்வரை பார்த்திருப்பது. சரக்குக் கப்பலில் எந்த மாலுமி உங்கள் படகுக்குச் சாக்கு நனைப்பான்?

வந்து சேர்ந்தாலும் கப்பல் புழு காத்திருக்கிறது. சூடான உப்புத் தண்ணீர் அதற்குச் சொர்க்கம். தேக்கை மெதுவாகத் தின்னும், ஓக் ஏராவை வேகமாகத் தின்னும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு அடித்திருந்தது இதற்காகத்தான். எங்கள் ஆட்கள் குங்கிலியமும் சுறா எண்ணெயும் பூசினார்கள், அடிக்கடி கரையேற்றிக் காயவிட்டார்கள். 35 தொன்னை அடிக்கடி கரையேற்றத் திருகோணமலைக்குத்தான் போக வேண்டும், ஒவ்வொரு முறையும்.

ஏத்துக்கால் காற்று:
வெளியே பைபர் சுற்றிவிட்டால்?

ஓடாவி மகன்:
அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மரம் அசையும், பைபர் அசையாது. நடுவில் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழி இல்லை. மேலே வெள்ளை வெளேர் என்று பெயின்ற், உள்ளே களி.

கல்முனை காக்கா:
தம்பிமார் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள், நான் கடைக்காரன். கடைக்காரன் கணக்குச் சொல்கிறேன்.

படகுக்காரர்களின் பழைய கணக்கு, ஆண்டுப் பராமரிப்பு விலையில் பத்தில் ஒன்று. மரப் படகு, எங்கள் வெயில் என்றால் அதற்கு மேலே வையுங்கள். இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒரு தரம் அடிக்கிற வார்னிஷை இங்கே சில மாதத்துக்கு ஒருமுறை உரசி அடிக்க வேண்டும். விலையோடு கப்பல் கூலி, பிறகு சுங்கம். சுங்கத்தின் பொருள் வகைப்பாட்டில் உல்லாசப் படகுக்கு எச்எஸ் தலைப்பு 8903. அதைச் சொல்லி ஒரு கிளியரிங் ஆளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் ஒரு பவுணும் அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே வற் 18 வீதம். வணிகக் கப்பல் பதிவு, சுற்றுலா அதிகாரசபை அனுமதி, காப்புறுதி. 90 வயது மரப் படகில் ஆட்களை ஏற்றிக் காசு வாங்க எந்தக் காப்புறுதிக்காரர் கையெழுத்துப் போடுவார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வருமானப் பக்கம்: எங்கள் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. மாரியில் படகு சும்மா நிற்கும், மழை குடிக்கும். ஆறு மாத வியாபாரத்தில் பன்னிரண்டு மாதச் செலவு. இதுக்கு மேல் நான் என்ன சொல்ல.

சுழியோடிகளைப் பற்றி ஒன்று. ஹேர்மிஸ் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி. கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. அங்கே இறங்கக்கூடியவர்கள் ஆண்டுக்குச் சிலர்தான், அவர்களுக்கு வேண்டியது வெறும் தட்டையான தளமும் வேகமும். ஈர உடுப்போடு ஏறி இரும்புச் சிலிண்டரைத் தடால் என்று போடுவார்கள். தேக்குத் தளத்தில் போட்டால் மச்சான் அங்கேயே அழுவார்.

வாவிக்கரை டீச்சர்:
வாவியில் தோணியும் வலையும் வைத்துப் பிழைக்கிறவர்களையும் யோசியுங்கள். இவ்வளவு பெரிய படகு எழுப்பும் அலையில் கட்டுவலைக் கம்புகள் ஆடிப் போகும். முதல் சண்டை முதல் கிழமையிலேயே வரும். பிறகு மாதர் சங்கம், மீனவர் சங்கம், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டியது கல்லடிக்காரன்தான். மச்சான் அங்கே குளிரில் இருந்து வாட்ஸ்அப்பில் கேட்பார்.

கல்லடிக்காரன்:
எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மச்சான் முதலில் கோபப்பட்டார், பிறகு டன்கேர்க் சான்றைக் கேட்டு எழுதினார். விற்பவர் "குடும்பத்தில் அப்படிச் சொல்வார்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். அந்தப் பதிலில் மச்சானுக்கு ஆசை குறையவில்லை, விலைதான் குறைந்தது. சேர்வேயர் சரியென்றால் வாங்கி ஹாம்பிளிலேயே வைத்துக்கொள்வாராம். அவருடைய காசு, அவருடைய படகு. என் பங்கு இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டேன். அம்மாவும் சாமியறையை விட்டு வந்துவிட்டார்.

ஆனால் பின்னேரச் சுற்றுலா என்ற யோசனை எனக்குள் இறங்கிவிட்டது. ஓடாவி மகன் தம்பி, முப்பது அடி, தட்டை அடி, இரண்டு அடிக்கு மேல் இறங்காத மரப் படகு ஒன்று கட்டித் தர முடியுமா? பாலத்துக்குக் கீழே போக வேண்டும், சின்ன டீசல் போதும்.

பாலமீன்மடு:
இரண்டு அடியா, ஒன்றரையாக்குங்கள். பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்றுவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

டீசல் வாசனை:
இஞ்சின் நான் தேடித் தருகிறேன். கார்ட்னர் கேட்காதீர்கள், கிடைத்தாலும் முப்பது அடிப் படகு அதோடு சேர்ந்து கீழே போய்விடும்.

ஓடாவி மகன்:
கட்டலாம் அண்ணே. ஆனால் மரம் முதலில். சமண்டலை நீளத்துக்கு இப்போது கிடைப்பது கஷ்டம், முதிரை விலை கேட்டால் பைபரே போதும் என்பீர்கள். ஏராவுக்கும் விலாவுக்கும் மட்டும் நல்ல மரம், பலகைக்கு வேம்பு போடலாம். வன இலாகா பெர்மிட் இல்லாமல் ஒரு துண்டும் லொறியில் ஏற்ற முடியாது, அதை யார் எடுப்பது என்று முதலில் பேசுவோம். அளவோடு ஒரு படம் கீறி அனுப்புங்கள், எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையும் எழுதுங்கள். தைக்குப் பிறகுதான் என்னிடம் ஆள் இருக்கும்.